தலைமடைக் கேபினும் கடைமடைக் கேபினும்

(கப்பல் பொறியியல் மாணவர்களும் குளிர்பதன மெக்கானிக்குகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கப்பல் சில்லரில் குளிர் ஏன் ஒரே சீராக வருவதில்லை, அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். வெயில் காலத்தில் பாரசீக வளைகுடாவில் நிற்கும் பழைய கப்பலில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் எடை தெரியும். கீழ்த்தளத்தில் ஆயிலர் போர்வை கேட்கிறார்; மேல்தளத்தில் கேப்டன் விசிறிக் கொண்டிருக்கிறார். கேப்டன் அறையில் வியர்த்துவிட்டால் அந்தக் கப்பலில் அதைவிட அவசரமான வேலை வேறு கிடையாது.

புகார் கீழே வந்ததும் இயந்திர அறையில் பெரும்பாலும் எழும் முதல் குரல், "கேஸ் குறைஞ்சிருக்கும் சார்" என்பதுதான். சிலிண்டர் வரும், கேஜ் மாட்டுவார்கள், கேஸ் ஏறும். இரண்டு நாள் கழித்து ஆயிலர் இரண்டாவது போர்வை கேட்பார். கேப்டன் அதே விசிறியோடு இருப்பார்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். எல்லா இடத்திலும் குளிர் குறைந்தால் குளிரை உண்டாக்கும் இடத்தைச் சந்தேகப்படலாம். ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்தில் இல்லையென்றால் முதலில் பங்கீட்டைச் சந்தேகப்பட வேண்டும். நம் ஊர் விவசாயிக்கு இது தெரியும். தலைமடையில் வயல் நிறைந்து கிடக்க, கடைமடை காய்ந்தால், அவர் அணையைக் குறை சொல்ல மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடப்பார். கப்பல் பொறியாளரும் அப்படி நடக்க வேண்டியவர்தான்.

சில்லர் செய்யும் வேலை

மாணவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் நாம் பேசும் சில்லர், நன்னீரைக் குளிர்வித்துக் குழாய் வழியாகக் கேபின்களுக்கு அனுப்புகிறது. கேபினில் இருக்கும் ஃபேன் காயில், அந்தத் தண்ணீர் ஓடும் குழாய்களின் மேல் காற்றை ஊதி அறையைக் குளிர்விக்கிறது. தண்ணீர் சுமார் 7 டிகிரி செல்சியஸில் புறப்படும். அறைகளின் சூட்டை வாங்கிக்கொண்டு சுமார் 12 டிகிரியில் திரும்பும். அந்தச் சூட்டை எவாப்பரேட்டரில் கேஸ் வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரெஸர் அந்தக் கேஸை அழுத்தி கண்டென்ஸருக்குத் தள்ளுகிறது. கண்டென்ஸரில் கடல்நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கப்பலுக்கு வெளியே போகிறது. ஆக மூன்று ஓட்டங்கள்: நன்னீர், கேஸ், கடல்நீர். பெரும்பாலான பழுதுகள் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

குளிரை டன் கணக்கில் சொல்கிறோம். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். இன்றைய அளவில் அது 3.517 கிலோவாட். பனிக்கட்டியை வைத்துக் குளிரை அளந்த காலம் சென்னைக்கு அந்நியமானதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினாவைப் பார்த்தபடி நிற்கிறது. அன்று கப்பல் குளிரைச் சரக்காகச் சுமந்தது. இன்று தன் குளிரைத் தானே செய்துகொள்கிறது.

கணக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடி, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால், அது சுமார் 21 கிலோவாட். அதாவது ஏறக்குறைய 6 டன். ஓட்டத்தையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் குளிரின் அளவு வந்துவிடும். சில்லர் உழைக்கிறதா, உழைப்பதுபோல் சத்தம் மட்டும் போடுகிறதா என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

முதலில் தெர்மாமீட்டர்

சிலிண்டரைத் தொடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரைத் தொடுங்கள். அதற்கும் முன்னால் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். நாம் பார்க்கப்போவது 5 டிகிரி வித்தியாசத்தை. அதில் ஒரு டிகிரி தவறு என்றால் ஐந்தில் ஒரு பங்கு கணக்கு பொய். கப்பல் சமையலறையில் பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரை அதில் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். எல்லாத் தெர்மாமீட்டரையும் ஒரே பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள்; எது எவ்வளவு தவறுகிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பழைய கப்பல்களில் குழாயில் பொருத்திய தெர்மாமீட்டர்களின் பாக்கெட்டுக்குள் எண்ணெய் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் அது தண்ணீரின் வெப்பத்தைச் சரியாகச் சொல்லாது. இயந்திர அறையின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும்.

பிறகு சில்லரை விட்டு வெளியே வரும் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். 7 டிகிரி வருகிறதென்றால், அந்த இடத்திலேயே சில்லர் நிரபராதி. கேஜும் சிலிண்டரும் மூலையிலேயே இருக்கட்டும். வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டியதுதான்.

இங்கே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர் எந்த வகையில் சீரற்றிருக்கிறது? இடத்துக்கு இடம் மாறுகிறதா, நேரத்துக்கு நேரம் மாறுகிறதா, இரண்டு சில்லர் இருந்தால் ஒன்றுக்கொன்று மாறுகிறதா? மூன்றுக்கும் வழி வேறு. புகார் சொல்பவர் இதைப் பிரித்துச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இடத்துக்கு இடம் மாறினால்

மேல்தளம் மட்டும் சூடாக இருந்தால் முதல் சந்தேகம் காற்று. தண்ணீர்க் குழாயில் மாட்டிய காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். ஃபேன் காயிலின் மேற்பகுதியில் அது உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் நுழையாது. காயிலைத் தொட்டால் அடிப்பக்கம் சில்லென்றிருக்கும், மேல்பக்கம் அறையின் சூட்டிலேயே இருக்கும். பம்பை நிறுத்தி, கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தளமாக மேலே ஏறி காற்றுத் திருகைத் திறந்து விடுங்கள். தண்ணீர் தடையில்லாமல் வரும்வரை மூடாதீர்கள். ஒரு வாரத்தில் மறுபடி காற்று வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். விரிவுத் தொட்டி காலியாக இருக்கலாம். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து கிளாண்டு வழியாகக் காற்றை இழுக்கலாம். தொட்டிக்கு அடிக்கடி தண்ணீர் விடுகிறோம் என்றால் எங்கோ ஒழுகுகிறது. விடுகிற ஒவ்வொரு புதுத் தண்ணீரும் கரைந்த காற்றைக் கூடவே கொண்டு வருகிறது.

தூரத்தில் இருக்கும் கேபின்கள் மட்டும் சூடாக இருந்தால், அதுதான் கடைமடைச் சிக்கல். பம்புக்குப் பக்கத்தில் உள்ள காயில்களுக்குத் தடை குறைவு. அவை பங்குக்கு மேல் குடித்துவிடும். கப்பல் கட்டியபோது ஒவ்வொரு கிளைக்கும் சமன்செய்யும் வால்வைப் பாதி திறந்து, கால் திறந்து, சரியாக வைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஆண்டுக் கணக்கில், புகார் வந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த வால்வை முழுக்கத் திறந்துவிட்டிருப்பார். எல்லாரும் முழுக்கத் திறந்துகொண்டால் தலைமடைக்கே எல்லாம். கடைமடையை வாழ வைக்க வேண்டுமானால் தலைமடையைக் கொஞ்சம் மூடத்தான் வேண்டும். ஒவ்வொரு காயிலின் திரும்பும் தண்ணீரின் வெப்பத்தையும் அளந்து, எது 8 டிகிரியிலேயே திரும்புகிறதோ அதன் வால்வை நெருக்குங்கள். அது தேவைக்கு மேல் தண்ணீர் வாங்குகிறது. எது 15 டிகிரியில் திரும்புகிறதோ அது பட்டினி கிடக்கிறது.

ஒரே ஒரு கேபின் மட்டும் சூடா? வாய்க்காலை விட்டுவிட்டு அந்தக் கேபினுக்குள் போங்கள். காற்று வடிகட்டி அடைத்திருக்கும். காயிலின் தகடுகளில் தூசி படிந்து கம்பளி போலாகியிருக்கும். மூவழி வால்வு பாதியில் நின்று தண்ணீரைக் காயிலுக்குள் விடாமல் பக்கவழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். கிளைக்குழாயின் சிறு வடிகட்டியில் துரு நிறைந்திருக்கும். தண்ணீர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே குளிரில் இருந்தும் அறை சூடாக இருந்தால், குறை காற்றின் பக்கம். வெளியேறும் தண்ணீர் நன்றாகச் சூடேறி வந்தால், குறை தண்ணீரின் பக்கம்.

எல்லாக் கிளைகளிலும் ஓட்டம் குறைந்திருந்தால் பம்பைப் பாருங்கள். பழைய கப்பலில் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் செய்து மாட்டியபின் இரண்டு ஃபேஸ் மாறிப் போவதுண்டு. சென்ட்ரிஃபியூகல் பம்ப் பின்பக்கமாகச் சுழன்றாலும் தண்ணீரை முன்பக்கமாகவே தள்ளும். ஆனால் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். பக்கத்துக் கேபின்கள் குளிர்ந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. "மோட்டார் வேலை பார்த்ததிலிருந்துதான் இப்படி" என்று யாராவது சொன்னால், முதலில் சுழலும் திசையைப் பாருங்கள்.

இன்னொன்று கரை மின்சாரம். பல கப்பல்கள் 60 ஹெர்ட்ஸுக்குக் கட்டப்பட்டவை. நம் நாட்டுக் கரையில் கிடைப்பது 50 ஹெர்ட்ஸ். அதிர்வெண் மாற்றி இல்லாமல் நேராக இணைத்தால் பம்பின் வேகம் ஆறில் ஐந்தாகிறது. ஓட்டம் அதே விகிதத்தில் குறையும்; அழுத்தமோ வேகத்தின் இருபடிக் கணக்கில், ஏறத்தாழ 69 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடலில் நன்றாக இருந்த மேல்தளம் துறைமுகத்தில் மட்டும் காய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குக் கேஸ் என்ன செய்யும்?

இரண்டு சில்லர் இருந்தால்

இப்போது ஒரு கணக்குப் புதிர். ஒரே அளவுள்ள இரண்டு சில்லர்கள், பொதுக்குழாயில் இணையாக. ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. மற்றது ஒழுங்காக 7 டிகிரி தருகிறது. ஆனால் கேபின்களுக்குப் போகும் தண்ணீர் 9.5 டிகிரி. இடையில் சூடு எங்கிருந்து ஏறியது?

எங்கிருந்தும் ஏறவில்லை. நின்றுபோன சில்லருக்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 12 டிகிரியில் உள்ளே போனது 12 டிகிரியிலேயே வெளியே வந்து, அடுத்ததன் 7 டிகிரியோடு கலக்கிறது. இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தால் 9.5. ஓடும் சில்லரின் சென்சார் பொதுக்குழாயில் இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். கலந்த தண்ணீரை 7 டிகிரிக்குக் கொண்டுவர அந்தச் சில்லர் 2 டிகிரிக்கு இறங்கப் பார்க்கும். உறைநிலைப் பாதுகாப்பு அதை நிறுத்தும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். அப்போது புகார், "நல்லா இருந்த மெஷினும் கெட்டுப்போச்சு" என்று மாறிவிடும்.

மருந்து எளிது: நிற்கும் சில்லரின் தண்ணீர் வால்வை மூடுங்கள். பல சிறிய அலகுகளைச் சேர்த்துக் கட்டிய சில்லரிலும், ஒரே எவாப்பரேட்டரில் இரண்டு கேஸ் சுற்றுகள் உள்ள சில்லரிலும் இதே கதைதான். இரண்டாவதில் தண்ணீர் ஒரே கூட்டுக்குள் ஓடுவதால் அதைப் பிரிக்க முடியாது. நின்ற சுற்றை எழுப்புவதுதான் வழி. எந்த அலகு உண்மையில் குளிர்விக்கிறது என்பதை, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் தனித்தனியாக அளந்தால்தான் தெரியும். விளக்கு எரிகிறது, கம்ப்ரெஸர் ஓடுகிறது என்பதெல்லாம் சாட்சியாகாது.

கேஸ் பக்கம் போவது எப்போது?

வெளியேறும் தண்ணீரே குளிரவில்லை, தண்ணீர் ஓட்டமும் சரியாக இருக்கிறது என்றால், இப்போது கேஜை எடுக்கலாம். ஆனால் அழுத்தம் மட்டும் கதை சொல்லாது. அழுத்தத்தோடு குழாயின் வெப்பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆர்-22 கேஸை எடுத்துக்கொள்வோம். பழைய கப்பல்களில் நாம் அதிகம் பார்ப்பது அதுதான். உறிஞ்சு கேஜ் 4 பார் காட்டினால் கேஸ் கொதிக்கும் வெப்பம் 0 டிகிரி. கம்ப்ரெஸருக்குப் போகும் குழாயில் 6 டிகிரி இருந்தால் சூப்பர்ஹீட் 6 டிகிரி, ஆரோக்கியமான நிலை. அதே குழாயில் 16 டிகிரி இருந்தால் எவாப்பரேட்டர் பட்டினி. மறுபக்கம், டிஸ்சார்ஜ் கேஜ் சுமார் 14.3 பார் காட்டினால் கேஸ் திரவமாகும் வெப்பம் 40 டிகிரி. திரவக்குழாயில் 35 இருந்தால் சப்கூலிங் 5 டிகிரி. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் நோயைப் பிரித்துவிடலாம்.

சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங் இல்லை, பார்வைக் கண்ணாடியில் குமிழிகள் என்றால் கேஸ் உண்மையிலேயே குறைவு. ஆனால் கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருளல்ல. ஒழுக்கு எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங்கும் நன்றாக இருக்கிறது என்றால் கேஸ் போதிய அளவு இருக்கிறது. வழியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. டிரையருக்கு முன்னும் பின்னும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பின்பக்கம் குளிர்ந்திருந்தால் டிரையர்தான் குற்றவாளி. அங்கே ஒன்றுமில்லையென்றால் எக்ஸ்பான்ஷன் வால்வு. அதன் பல்பில் உள்ள கேஸ் கசிந்துபோனால் வால்வு மூடிக்கொள்ளும். இந்த இடத்தில் கேஸ் ஏற்றினால் தலை அழுத்தம் ஏறுமே தவிர, குளிர் ஏறாது.

உறிஞ்சு அழுத்தம் குறைவு, சூப்பர்ஹீட்டும் குறைவு என்றால் எவாப்பரேட்டருக்குச் சூடு வந்து சேரவில்லை. தண்ணீர் ஓட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்; அது சரியென்றால் குழாயில் படிவு, உள்ளே எண்ணெய் தேக்கம், அல்லது தண்ணீர் உறையாமலிருக்கத் தேவைக்கு மேல் ஊற்றிய கிளைக்கால். கிளைக்கால் கூடக்கூடத் தண்ணீர் தடித்து, வெப்பம் கடத்துவது குறையும். உறிஞ்சு அழுத்தம் அதிகம், டிஸ்சார்ஜ் அழுத்தம் குறைவு என்றால் கம்ப்ரெஸர் தேய்ந்திருக்கிறது, அல்லது பிஸ்டன் வகையானால் அன்லோடர் சிக்கிக்கொண்டு சில சிலிண்டர்கள் சும்மா ஓடுகின்றன. இங்கேயும் கேஸ் சிலிண்டருக்கு வேலையில்லை.

எவாப்பரேட்டரின் உள்ளேயும் தலைமடை, கடைமடை உண்டு. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மெல்லிய குழாய்கள் பல பிரிந்து ஒவ்வொரு சுற்றுக்கும் கேஸைப் பங்கிடும். எல்லாக் குழாய்களும் ஒரே நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. பங்கு சமமாக இருப்பதற்காக. ஒன்று அடைத்தாலோ, பழுதுபார்த்தவர் ஒன்றைக் குட்டையாக வெட்டி ஒட்டியிருந்தாலோ, ஒரு பக்கம் பனி படியும், மறுபக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். வால்வின் பல்ப் பனி படிந்த பக்கத்தின் செய்தியைக் கேட்டு மூடத் தொடங்கும். பட்டினி கிடக்கும் சுற்று இன்னும் பட்டினியாகும். குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

நேரத்துக்கு நேரம் மாறும் குளிருக்கும் இங்கே விடை உண்டு. அழுத்தம் ஊஞ்சலாடினால் வால்வு தேவைக்குப் பெரியது, அல்லது பல்ப் குழாயோடு ஒட்டாமல் தொங்குகிறது, அல்லது அதன் மேல் இன்சுலேஷன் இல்லை. காலையில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் குறைந்து, நிறுத்தி எழுப்பினால் மறுபடி நன்றாக ஓடினால், கேஸுக்குள் ஈரம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். வால்வின் முனையில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கிறது, நிறுத்தினால் உருகிவிடுகிறது. டிரையரை மாற்றுவதும், வெற்றிடம் இழுப்பதும்தான் மருந்து.

கடல்நீர்ப் பக்கம்

கப்பல் சில்லருக்கும் கரை சில்லருக்கும் உள்ள பெரிய வேறுபாடு கடல்நீர். கடல்நீர் 32 டிகிரி என்று கணக்கிட்டுத்தான் கண்டென்ஸரைக் கட்டியிருப்பார்கள். வளைகுடாவில் கோடையில் கடலே அதைத் தாண்டிவிடும். அன்று குளிர் சற்றுக் குறைவது பழுதல்ல. ஆனால் கேஸ் திரவமாகும் வெப்பத்துக்கும் வெளியேறும் கடல்நீரின் வெப்பத்துக்கும் இருக்கும் இடைவெளி நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனால், அது பழுது. சிப்பி, பாசி, சேறு குழாய்களில் குடியேறியிருக்கலாம், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம்.

பழைய கண்டென்ஸரில் இன்னொரு திருட்டு வழி உண்டு. கடல்நீர் உள்ளே போய்த் திரும்பி வருவதற்காக மூடியில் ஒரு தடுப்பு இருக்கும். அரிப்பில் அந்தத் தடுப்பு தின்னப்பட்டாலோ, அதன் கேஸ்கெட் போய்விட்டாலோ, தண்ணீர் குழாய்களுக்குள் நுழையாமலேயே நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்குக் குறுக்கே ஓடிவிடும். பம்ப் நன்றாக இருக்கும், ஓட்டம் நன்றாக இருக்கும், கண்டென்ஸர் மட்டும் கொதிக்கும். மூடியைக் கழற்றினால் தவிர இது கண்ணுக்குத் தெரியாது.

குழாய் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அதை நைலான் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இரும்புப் பிரஷ் அதன் பாதுகாப்புப் படலத்தைக் கிழித்துவிடும். துத்தநாக அனோடு மாதக்கணக்கில் தேயாமல் புதிதாகவே இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். அது உலோகத்தோடு தொடர்பில்லாமல் நிற்கிறது, அல்லது யாரோ அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அரிப்பு வேறெங்கோ நடந்துகொண்டிருக்கிறது.

தலை அழுத்தம் அதிகமாக இருந்து, குழாய்களும் சுத்தமாக இருந்தால், கேஸோடு காற்று கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரெஸரை நிறுத்தி, கடல்நீரை மட்டும் ஓட விட்டு, கண்டென்ஸர் கடல்நீரின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். கடல் 30 டிகிரி என்றால் ஆர்-22 கேஜில் ஏறக்குறைய 10.9 பார் இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாக அதிகம் காட்டினால் உள்ளே காற்று.

சட்டமும் உயிரும்

கேஸை ஊற்றி ஊற்றி ஓட்டலாம் என்ற காலம் போய்விட்டது. 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனைக் கெடுக்கும் கேஸ்களின் உற்பத்தியை நிறுத்தும் வழியைத் திறந்தது. வளர்ந்த நாடுகள் ஆர்-22இன் புதிய உற்பத்தியை 2020இல் நிறுத்தின. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2030. கப்பலுக்கு, கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பு இருக்கிறது; 2005 மே 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஓசோனைக் கெடுக்கும் கேஸை வேண்டுமென்றே வெளியே விடுவது தடை. ஆர்-22 போன்ற கேஸ் உள்ள கருவிகளை 2020 ஜனவரி 1 முதல் கட்டப்படும் கப்பல்களில் பொருத்தவே கூடாது. பழைய கப்பலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றியது எவ்வளவு, மீட்டெடுத்தது எவ்வளவு, காற்றில் போனது எவ்வளவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஏற்றிக்கொண்டே இருக்கும் கப்பல், ஒழுகிக்கொண்டே இருக்கும் கப்பல் என்பதை அந்தப் பதிவேடே ஆய்வாளருக்குச் சொல்லிவிடும்.

மாற்று கேஸுக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். ஆர்-407சி மூன்று கேஸ்களின் கலவை. சிலிண்டரிலிருந்து ஆவியாக ஏற்றினால் கலவை மாறிப்போகும், திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு பிஓஇ வகை எண்ணெய் தேவை. அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

உயிர் விஷயம் ஒன்று. இந்தக் கேஸ்கள் காற்றைவிடக் கனமானவை. மூடிய அறையின் தரைமட்டத்தில் தேங்கி, மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிடும்; ஆர்-22 கசிந்தால் எச்சரிக்கும் அளவுக்கு வாசனையும் வராது. நெருப்புப் பட்டால் நச்சுப்புகையாகும். பெரிய கசிவு என்று சந்தேகம் வந்தால் முதலில் காற்றோட்டம், பிறகு ஆக்சிஜன் மீட்டர், அதன் பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது.

எப்போது விடைகொடுப்பது?

எல்லாப் பழைய சில்லரையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். கண்டென்ஸர் குழாய்களில் அடைத்தவை ஏறிக்கொண்டே போய், மிச்சக் குழாய்கள் சுமையைத் தாங்காத நிலை வந்துவிட்டதா? எவாப்பரேட்டருக்குள் தண்ணீரும் கேஸும் ஒருமுறை கலந்துவிட்டதா? உதிரிப்பாகம் தேடுவதிலேயே பயணம் கழிகிறதா? அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவை எண்களை வைத்து எடுங்கள். குழாயில் காற்று நின்றதற்காக நல்ல சில்லரை மாற்றிவிட்டு, புதுச் சில்லரும் அதே மேல்தளத்தைச் சூடாகவே வைத்திருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்கள் ஏறும் முதல் கப்பலில், சில்லர் ஒழுங்காக ஓடும் ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் உள்ளே, வெளியே, குளிர்நீர் உள்ளே, வெளியே, உறிஞ்சு அழுத்தம், டிஸ்சார்ஜ் அழுத்தம், சூப்பர்ஹீட், சப்கூலிங், பம்பின் ஆம்பியர், ஒவ்வொரு தளத்திலும் கடைசிக் கேபினின் திரும்பும் தண்ணீர். இவற்றை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, சில்லரின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பழுது வந்த நாளில் எடுக்கும் எண்களுக்குத் தனியாக அர்த்தமில்லை; நல்ல நாளின் எண்களோடு ஒப்பிடும்போதுதான் அவை பேசும். பழைய இயந்திரத்தோடு வேலை செய்பவருக்கு அந்தத் தாளைவிடப் பெரிய கருவி இல்லை. அடுத்து வருகிறவருக்கும் அதை விட்டுவிட்டு இறங்குங்கள்.